புரையேறுதல்

புரையேறினால், “யாரோ நினைக்கிறார்கள்” என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். நினைப்பவர் யாராயினும், நோயாளிக்கு அடிக்கடி புரையேறுமாயின் அதனை வேடிக்கையாகக் கொள்ளலாகாது.

தொண்டையில் உணவுக்கும் மூச்சுக்கும் பாதை ஒன்றே. விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்கும். குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்ளும். உணவு பின்புறக் குழாயிற் புகும். பாரிசவாதம் கண்டவருக்கு இவ்வொழுங்கு குலையக்கூடும். அப்போது சோற்றைவிடத் தண்ணீரே பெரும் பகை. விரைந்தோடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இருமல் வந்தால் நன்று. சிலருக்கு இருமலே வருவதில்லை. சில நாளிற் காய்ச்சலும் நுரையீரலழற்சியுமே வரும். படுத்திருப்பவருக்கு அன்பு மிகுதியால் இளநீர் பருக்குவோர் இதனை அறிதல் வேண்டும்.

வைத்தியசாலையில் முதலிற் சிறிது நீர் கொடுத்து, இருமலையும் குரலையும் கவனிப்பர். குரல் களகளத்தால் ஐயம். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து ஊடுகதிரிற் பார்ப்பதும் உண்டு. பின்னர் நிமிர்ந்து அமர்தல், சிறு கவளம், சிலருக்கு நாடியைத் தாழ்த்தி விழுங்கல், நீராகாரத்தைத் தடிப்பாக்கல் என ஆளுக்கேற்ப முறை வகுப்பர். இதனைச் செய்பவர் பேச்சுச் சிகிச்சையாளர் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும்! களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப்படிப்பே உண்டு. மாணவர் கருத்திற் கொள்க.

வேறொரு வகையும் உண்டு. முதலிற் சோறு அடைக்கும், பின்னர் கஞ்சியும் அடைக்கும், உடல் மெலியும். இஃது உணவுக்குழாய்ப் புற்றுநோயாக இருக்கலாம். புகையிலையோடு வெற்றிலை மெல்வோர் இதற்கும் அஞ்சவேண்டும். “வயது போனால் இப்படித்தான்” என்றிராமல், சோறு அடைக்கத் தொடங்கியதுமே வைத்தியரிடம் சென்று உள்நோக்கிச் சோதனை பற்றிக் கேளுங்கள்.