வெட்கம் அல்ல, வேலை நிலைமையே காரணம்!

ஆசிய நாட்டுப் பெண்களின் உடல்நலம், தாம்பத்தியம் ஆகியவை பற்றி எழுதும் சமூக ஆராய்ச்சியாளர்களில் ஒரு சாரார் ஓயாமல் பாடும் பல்லவி ஒன்று உண்டு. “இந்தப் பெண்கள் வெட்கப்படுகிறார்கள், நோயை மறைக்கிறார்கள், அவர்களுடைய கலாசாரம் வாய்திறக்க விடுவதில்லை” என்பதே அது.

வெட்கமா? கோபிசெட்டிபாளையத்துக்கு வரட்டும் அந்தக் கனவான்கள்! கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் நடவு தொடங்குமே, அப்போது வரப்பில் நின்று கேட்கட்டும். இடுப்பு நோவு, வெள்ளைப்படுதல், அடியிறக்கம், குடித்துவிட்டு வரும் புருஷனின் தொல்லை என எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டுதான் நாற்றுப் பிடிக்கிறார்கள். அவர்கள் பேசாமல் இல்லை. கேட்க வேண்டியவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கதிருக்குத் தீட்டு இல்லையா?

கலாசாரம் என்கிறார்களே, அதன் லட்சணத்தைப் பார்ப்போம். வீட்டுக்குத் தூரமான பெண் கோயிலுக்குள் போகக் கூடாது. அடுப்படியில் நுழையக் கூடாது. ஆனால் அதே நாளில் அவள் பண்ணையாரின் வயலில் இறங்கலாம். நூல் மில்லில் எட்டு மணி நேரம் நின்று இழை முடியலாம். சாமிக்கு ஆகாத தீட்டு லாபத்துக்கு மட்டும் எப்படி ஆகிறது? கூலிக்காரியின் உழைப்பு தேவைப்படும் இடத்தில் கலாசாரம் வாலைச் சுருட்டிக்கொள்கிறது. இதை எந்தக் கேள்வித்தாளிலாவது கேட்டதுண்டா?

2019ஆம் வருஷம் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் விசாரித்தது. மாதவிலக்கு வலி என்று சொன்னவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. பெயர்கூட அச்சிடாத மாத்திரைதான் கிடைத்தது. டாக்டர் கொடுத்ததல்ல, மேற்பார்வையாளர் கொடுத்தது! விழுங்கிவிட்டு மெஷினை ஓட்டு என்பதுதான் அங்கே வைத்தியம். இந்தப் பெண்கள் வலியை மறைத்தார்களா? இல்லை, வாய்விட்டுச் சொன்னார்கள். சொன்னதற்குக் கிடைத்த பதில் அந்த மாத்திரை.

மகாராஷ்டிரத்தில் இன்னும் கொடுமை. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 82,309 பேரை 2019இல் சர்க்கார் குழு கணக்கெடுத்தது. 13,861 பேருக்குக் கர்ப்பப்பையே எடுக்கப்பட்டிருந்தது! ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் காண்டிராக்டர் அபராதம் பிடிப்பான். அபராதத்துக்கு அஞ்சி உறுப்பை இழப்பதற்குக் கலாசாரம் என்றா பெயர்?

பாரம் முழுவதும் பெண் மேல்

குடும்பக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்கு ஆபரேஷன் சுலபம், ஆபத்தும் குறைவு என்பது வைத்தியர்கள் அறிந்ததே. இருந்தும் கத்தி பெண்ணின் வயிற்றுக்கே! அதே ஆய்வு 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது. கீரை தின்னுங்கள் என்று உபதேசிக்கிறார்கள். கீரை வாங்கக் கூலி எங்கே என்று கேட்டால் உபதேசம் நின்றுவிடுகிறது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். மேலே சொன்ன புள்ளிகளெல்லாம் ஆய்வுகள் தந்தவைதாம். வீட்டிலும் சாதியிலும் பெண்ணை அடக்கும் பழைய வழக்கங்கள் இருக்கின்றன. அவை ஒழிய வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் வழக்கத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, முதலாளியைச் சாட்சியாகக்கூட அழைக்காத ஆராய்ச்சி யாருக்கு உதவும்?

ஒரே ஆசியா, ஒரே கோரிக்கை

ஜப்பானியப் பெண்ணின் மதம் வேறு, கொரியப் பெண்ணின் பாஷை வேறு, இந்தோனேசியப் பெண்ணின் வழக்கம் வேறு. ஆனால் 1947இல் ஜப்பானிலும், 1948இல் இந்தோனேசியாவிலும், 1953இல் தென்கொரியாவிலும் மாதவிலக்கு விடுப்பு சட்டத்தில் ஏறிவிட்டது. டோக்கியோ பஸ்களில் வேலை செய்த பெண்கள் 1920களின் கடைசியிலேயே இதற்குக் குரல் கொடுத்தவர்கள். நம் நாட்டில் 1992இல் பீகார் தன் அரசு ஊழியப் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது. 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு ஒப்புதல் தந்தது. அதில் தனியார் ஆலைப் பெண்களும் அடக்கம். கலாசாரங்கள் பல, உழைக்கும் பெண்ணின் தேவை ஒன்றே!

பெருந்துறையிலும் நம்பியூரிலும் புளியம்பட்டியிலும் விடியுமுன் மில் பஸ் ஏறும் பெண்ணுக்கு வேண்டியது இவைதாம்: ஷிப்ட் நடுவே கணக்குப் பார்க்காமல் கக்கூசுக்குப் போகும் உரிமை; மாதவிலக்கு நாளில் சம்பளத்துடன் ஓய்வு; மேஸ்திரியின் மாத்திரைக்குப் பதில் பெண் டாக்டர்; மேற்பார்வையாளரின் கைக்கும் வாய்க்கும் கடிவாளம் போடும் புகார்க் குழு. வயலில் நிற்பவளுக்கும் பிரசவத்துக்குப் பின் கூலி இழக்காமல் படுத்திருக்க நாட்கள் வேண்டும்.

ஆராய்ச்சியாளர்களே, அடுத்த தடவை வரும்போது அவளுடைய வெட்கத்தை அளக்க வேண்டாம். அவளுடைய சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அவளுடைய நோயின் பாதிக் காரணம் அதிலேயே எழுதியிருக்கும்!