சென்னை அணி மீண்டு வருமா?

2025 ஐ.பி.எல். போட்டியில் சென்னை அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டும் வென்று கடைசி இடத்தில் நின்றது. எங்கள் புதுக்கோட்டை டீக்கடைகளில் இதற்கு இரண்டு கட்சி. “அவ்வளவுதான், முடிந்தது” என்பது ஒன்று. “தோனி இருக்கப் பயமேன்?” என்பது மற்றொன்று. 2020இல் ஏழாம் இடம், 2021இல் கோப்பை. 2022இல் ஒன்பதாம் இடம், 2023இல் கோப்பை என்று இவர்கள் கணக்குக் காட்டுகிறார்கள்.

கணக்கு சரிதான். ஆனால் தோற்ற 2020இலேயே விதை விழுந்துவிட்டது. அவ்வாண்டின் கடைசி மூன்று ஆட்டங்களிலும் அரைசதம் அடித்தார் இளைஞர் ருதுராஜ். மறு ஆண்டு 635 ரன் குவித்தார்.

இந்த முறையும் 17 வயது ஆயுஷ் மாத்ரே, பிரெவிஸ் போன்றோர் வந்த பிறகே ஆட்டத்தில் உயிர் வந்தது. கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள்.

நாற்காலியை விட்டு எழுந்து ஓய்வூதியம் வாங்கும் நானே சொல்கிறேன்: பெரியவர்கள் வழிவிட்டால் அணி மீளும், பெயரை மட்டும் நம்பினால் மீளாது.