செகண்ட் ஹேண்ட் கேம்பர் வேன்: ஒரு ராத்திரிக்கு எவ்வளவு ஆகுது?

"செகண்ட் ஹேண்ட் கேம்பர் வேன் ஆறு லட்சத்துக்கு வருது, வாங்கலாமா சார்?" அடிக்கடி வர்ற கேள்வி. விலையை விடுங்க. வருஷத்துக்கு எத்தனை ராத்திரி அதுல தூங்குவீங்க?

6 லட்சத்துக்கு வாங்கி, நாலு வருஷம் கழிச்சு 3.5 லட்சத்துக்கு வித்தீங்கன்னு வைங்க. வருஷத்துக்கு 62,500 ரூபாய் போச்சு. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர்னு இன்னொரு 40,000. நீங்க வாங்குற லீவுல (மேனேஜர் மனசு வெச்சா) பத்து ராத்திரி தேறும். அப்போ ஒரு ராத்திரிக்கு 10,250 ரூபாய். டீசலும் லோன் வட்டியும் தனி. அந்தக் காசுக்கு ஏற்காட்டுல நல்ல ரூமே போடலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஆர்.சி. புக்தான். பழைய வேன்ல சீட்டைக் கழட்டிட்டு, கட்டிலும் கேஸ் அடுப்பும் வெச்சு விக்கிறாங்க. ஆர்.சி.யில பழைய சீட் கணக்கே இருக்கும். வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது. நாளைக்கு விபத்துன்னா, இதையே காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை மறுக்கலாம்.

அதனால அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி ஆர்.சி.யை வாங்கி வரி வரியா படிங்க. அப்பவும் ஆசை அடங்கலையா? ஒரு வீக்எண்ட் வாடகைக்கு எடுத்து, மழை நாள்ல ஒரு ராத்திரி அதுல தூங்கிப் பாருங்க.