தையலூசியும் கடற்காற்றும்

ஆடை வடிவமைப்புப் பயிலும் மாணவனொருவன் விடுமுறைப் பருவத்திற் பிறநாடு சென்று கடல் விளையாட்டுப் பயிற்றினால், படிப்பைக் கைவிட்டானென்று நம்மவர் இரங்குகின்றனர். அவ்விரக்கம் பொருந்தாதென்பதே எம் கருத்து.

கைட் சேர்ஃபிங் எனும் பட்டக் கடற்சறுக்கை நோக்குக. காற்றடைத்த விளிம்புடைய பட்டத்துக்கு 1984 இல் காப்புரிமை கோரியோர், பிரான்சு நாட்டுப் பாய்ப்படகோட்டிகளான லெகெய்னூ சகோதரர். அப்பட்டம் துணியாலானது, வெட்டும் தையலும் பிழைத்தாற் காற்றில் நில்லாது. துணியின் இயல்பை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஆடை வடிவமைப்புப் பட்டநெறியிற் கற்பவன், அதன் வலிமையைக் கடலிற் காண்கின்றான்.

துணியும் கடலும் கொண்ட உறவு நமக்குப் புதியதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி, தமிழ் மாலுமிகளுடன் பாய்விரித்துச் சென்று 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது.

வெள்ளாங்குளத்து இளைஞர்க்கும் இவ்வழி தொலைவிலில்லை. மன்னாரில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓங்கி வீசும். 2020 இல் ஆங்கு 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கியமை அதன் வலிமைக்குச் சான்று. அக்காற்றை நாடிப் பிறநாட்டார் தலைமன்னாருக்கும் கற்பிட்டிக்கும் வருகின்றனர். ஆங்கே நம் பிள்ளைகள் ஏவல் செய்வோராக மட்டுமன்றி ஆசிரியராகவும் நிற்றல் வேண்டாமா? அயலகத்தில் ஒரு பருவம் பயிற்றி மீள்பவன் அத்தகுதியுடன் வருகின்றான்.

ஆதலின், பருவம் முடியப் படிப்புக்கு மீள்க என்னும் நிபந்தனையொன்றை விதித்து, பெற்றோர் பிள்ளைகளை வாழ்த்தியனுப்புக. கடலோரத்துக் கல்லூரிகளும் நீச்சலையும் தையலையும் கல்விக்குப் புறம்பெனத் தள்ளாதிருக்க.