பேய்க்கதையும் யதார்த்தமும்

பேய்க்கதை என்றதும் முகஞ்சுழிக்கும் விமர்சகர் சிலர் எம்மிடையே உளர். ஆவியும் அமானுஷ்யமும் இடம்பெறும் திரைப்படம் எதுவாயினும், அது மக்களை மயக்கும் அபின், யதார்த்தத்திலிருந்து தப்பியோடும் வழி என்பது அவர்தம் தீர்ப்பு. படத்தைப் பார்க்குமுன்னரே எழுதப்பட்டுவிடும் இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. பேய்ப்படங்களுட் பெரும்பாலானவை குப்பை என்பது உண்மையே. யதார்த்தப் படங்களுட் பெரும்பாலானவையும் அவ்வாறே. 1945 இல் பிரித்தானியாவின் ஈலிங் கலையகம் வெளியிட்ட ‘டெட் ஒவ் நைற்’ அவர்களுக்குத் தக்க மறுப்பாகும்.

கென்ற் பகுதியிலுள்ள பண்ணைவீடொன்றுக்கு வரும் கட்டடக் கலைஞன் வோல்ரர் கிறெய்க், அங்குள்ளோர் அனைவரையும் தான் கனவிற் கண்டிருப்பதாகக் கூறுகிறான். அதைக் கேட்டோர் தாம் அறிந்த விசித்திரங்களைச் சொல்ல, ஐந்து கதைகள் விரிகின்றன. இயக்கியோர் நால்வர்: அல்பேட்டோ கவல்கன்ரி, சாள்ஸ் கிரிச்ரன், பசில் டியர்டன், றொபேட் ஹேமர். இவர்களுட் கவல்கன்ரி, 1930களிற் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் திரைப்படப் பிரிவில் விவரணப் படங்களை உருவாக்கியவர். யதார்த்தப் பள்ளியின் முன்வரிசைக் கலைஞர் ஒருவர் பேய்க்கதைக்கு வந்தது ஏன்?

விடை படத்திலேயே உண்டு. ஹேமரின் கதையில், மணப்பெண் பரிசளித்த பழைய முகக்கண்ணாடியில் ஓர் அந்நிய அறையைக் காண்கிறான் கணவன். அக்கண்ணாடிக்கு முன்பு உரியவனாயிருந்து, சந்தேகத்தால் மனைவியைக் கொன்றவனின் வெறி இவனையும் பற்றுகிறது. கவல்கன்ரியின் கதையில், மேடையிலே பொம்மையைப் பேசவைக்கும் கலைஞன் அப்பொம்மைக்கே அடிமையாகி, ஈற்றில் அதன் குரலிலே பேசுகிறான். இல்லறத்தின் அமைதிக்குள் ஒளிந்திருக்கும் வன்முறையையும், தொழில் மனிதனை விழுங்குவதையும் இதனிலும் கூர்மையாக எந்த விவரணப் படம் காட்டியது?

இது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பாரும் உளர். கதைகளுக்கெல்லாம் அறிவியல் விளக்கம் தரும் உளப்பகுப்பாளர் வான் ஸ்ராட்டன், முடிவிற் கிறெய்க்கின் கையாலேயே கொல்லப்படுகிறார். இது பகுத்தறிவின் தோல்வியா? தனக்கு நேரப்போவதை அஞ்சிக் கிறெய்க் வெளியேற முனைகையில், அவனை இருக்கச் செய்பவர் அவரே. துன்புறுவோனின் அச்சத்துக்குச் செவிகொடாது சூத்திரம் ஒப்புவிக்கும் அறிவே இங்கு தோற்கிறது. எமது விமர்சகரும் அவ்வைத்தியரின் சோதரரே.

படத்திற் குறைகள் இல்லாமலில்லை. கோல்ஃப் ஆட்டக்காரர் இருவரைப் பற்றிய வேடிக்கைக் கதை ஏனையவற்றின் கனதிக்கு ஈடாகாது. எனினும், அதனையும் நத்தார் விருந்துக் கதையையும் வெட்டி 1946 இல் அமெரிக்காவில் திரையிட்டோர், கதைகள் யாவும் ஒன்றுகலக்கும் இறுதிப் பகுதியின் பொருளையே சிதைத்தனர்.

அவ்விறுதியிற் கிறெய்க் விழித்தெழுகிறான். தொலைபேசி ஒலிக்கிறது, பண்ணைவீட்டுக்கு அழைப்பு வருகிறது. தொடங்கிய இடத்துக்கே படம் மீள்கிறது. தப்பியோடும் கலை என இதனைப் பழிப்போர் இம்முடிவை நோக்குவார்களாக. தப்பியோட இங்கு வாசலே இல்லை. ஒரு படைப்பில் ஆவி வருகின்றதா என வினவுவதை விடுத்து, அது மனிதனைப் பற்றி என்ன கூறுகிறது என வினவும் நாளிலேயே எமது விமர்சனம் முதிர்ச்சி பெறும்.