பவர் டில்லருக்கும் ஒரு பாஸ்புக் வேண்டும்

கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருவாரூர் மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் விவசாயம். உழவர் உற்பத்தியாளர் குழுவில் நூறு பேரில் ஒருவன். பழக்கதோஷம், எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் கணக்கு நோட்டைத்தான் கேட்பேன்.

தமிழக அரசு 2017-18இல் கூட்டுப்பண்ணையத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இருபது பேர் கொண்ட ஆர்வலர் குழுக்கள் ஐந்து சேர்ந்தால் ஓர் உற்பத்தியாளர் குழு; பொதுவில் பண்ணை இயந்திரம் வாங்க அதற்கு 5 லட்சம் ரூபாய். பவர் டில்லரும் ரோட்டவேட்டரும் ஊருக்கு ஊர் வந்து இறங்கின. மாலை போட்டுப் படமும் எடுத்தாயிற்று. திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சொந்தமாக டில்லர் வாங்க வழியில்லாதவன் வயலுக்கு அதைக் கொண்டுவந்த திட்டம் அது. கோளாறு ஆரம்பிப்பது மாலை வாடிய பிறகு.

எங்கள் பக்கத்துக் குழு ஒன்றின் டில்லர் இரண்டாவது சம்பாவிலேயே தலைவர் வீட்டுக் கொட்டகையில் படுத்துவிட்டது. கியர் பாக்ஸ் போயிற்று, பழுது பார்க்கப் பணமில்லை. ஓடிய நாளெல்லாம் வாடகை வாங்கினார்களே, அது எங்கே? டீசலுக்கும் ஓட்டுபவர் கூலிக்கும் போக மிஞ்சியது டீ, வடை, அதிகாரிகள் வந்த நாள் சாப்பாடு என்று கரைந்திருக்கிறது. எட்டணாகூட யாரும் திருடவில்லை. திருடியிருந்தால் என் பழைய தொழிலுக்காவது வேலை இருந்திருக்கும்.

விட்டுப்போனது தேய்மானக் கணக்கு. 2 லட்சம் ரூபாய் டில்லர் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் ஒவ்வொரு மணிக்கும் 100 ரூபாய் அதிலிருந்து தேய்ந்து போகிறது. அந்த நூறை டீசல், கூலி, பழுதுச் செலவோடு சேர்த்து வாடகையில் வாங்கி, தனி வங்கிக் கணக்கில் போட்டுவர வேண்டும். வாங்காமல், “நம்ம ஆட்களுக்கு மலிவா விடுறோம்” என்று பெருமை பேசும் தலைவர், டில்லரையே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருக்கிறார். அடுத்த தேர்தலில் அவர்தான் ஜெயிப்பார், அது வேறு விஷயம்.

முறை வைப்பதும் தலைவலிதான். சம்பா தொடங்கும் அந்தப் பத்துப் பதினைந்து நாளில் எல்லோருக்கும் டில்லர் வேண்டும். தலைவர் வயலில் முதலில் இறங்கினால், கடைசி வாய்க்கால்காரர் தனியார் வண்டியைக் கூப்பிடுவார். மறுவருஷம் கூட்டத்துக்கே வர மாட்டார். பேர் பதிந்த வரிசைப்படிதான் வண்டி போக வேண்டும். அந்த வரிசை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும்.

குழு உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிந்துவிட்டால் சட்டமே சிலவற்றைக் கட்டாயமாக்குகிறது. பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. முழுநேரத் தலைமை நிர்வாகி உறுப்பினராக இருக்கக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக் காப்பு நிதிக்கு ஒதுக்கியாக வேண்டும்; உள்தணிக்கையும் உண்டு. கம்பெனியாகப் பதியாத சிறு குழுவை இந்தச் சட்டம் தொடாது. ஆனால் அதன் சாரத்தை ஒரே தீர்மானத்தில் நாமே எழுதிக்கொள்ள யார் தடுத்தார்கள்?

தலைவர் வேறு, நிர்வாகி வேறு என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1946இல் குஜராத்தில் பதிவான கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் திரிபுவன்தாஸ் படேல் தலைவர். பின்னால் வந்து சேர்ந்த குரியன் சம்பளத்துக்கு வேலை பார்த்த பொறியாளர். ஊர் ஊராகப் போய் விவசாயிகளைச் சேர்த்துப் பிடித்துவைத்தது படேல். பால்பண்ணையை நடத்தியது குரியன். இங்கே ஒரே ஆள் தலைவர், மெக்கானிக், காசாளர், சாவிக்காரர் எல்லாமாக இருக்கிறார். நூறு பேர் கொண்ட குழு குரியனைத் தேட வேண்டாம். பிளஸ் டூ படித்த, தலைவருக்கு உறவில்லாத ஒரு பெண்ணிடம், வண்டி ஓடிய மணிக்கணக்கை எழுதும் லாக் புக்கைக் கொடுத்து, மாதம் ஒரு தொகையும் கொடுத்தால் போதும்.

நீங்களும் இப்படி ஒரு குழுவில் இருந்தால், அடுத்த கூட்டத்தில் வருகை நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டைக் கேளுங்கள்: இயந்திரத்தின் லாக் புக், தேய்மானக் கணக்கின் பாஸ்புக். இரண்டையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.