கேளாப் பிள்ளைகளும் கைத்தொழிற் கல்வியும்

நம் நாட்டில் காதுகேளாப் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகள் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. கல்கத்தாவில் 1893-ஆம் ஆண்டில் ஒன்று எழுந்தது. தென்னாட்டிலோ, பிளாரன்ஸ் ஸ்வெயின்ஸன் என்னும் மிஷனரி அம்மையார் அந்நூற்றாண்டு முடியுமுன்னரே பாளையங்கோட்டையில் இப்பணியைத் தொடங்கினார்; அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் அவ்வூரில் நடைபெற்று வருகின்றது. இத்தகைய பள்ளிகளுக்குத் துணைசெய்ய விரும்பிக் கல்லூரி மாணவர் பலர், விடுமுறை நாட்களில் வண்ணமும் தூரிகையும் களிமண்ணும் எடுத்துக்கொண்டு அப்பிள்ளைகளிடம் செல்கின்றனர். விருப்பம் நன்றே. ஆயினும் அது நடைபெறும் முறையைக் குறித்து நாம் சில சொல்லவேண்டியிருக்கின்றது; அவற்றுட் சில கசப்பாகவும் இருக்கலாம்.

தொண்டர் இருபதின்மர் ஒருநாட் காலையில் வருகின்றனர். காகிதத்தாற் பூவும் பறவையும் செய்து காட்டுகின்றனர். பிள்ளைகள் பார்த்துச் செய்கின்றனர். புகைப்படம் எடுக்கப்படுகின்றது, இனிப்பு வழங்கப்படுகின்றது, மாலையில் யாவரும் பிரிகின்றனர். அடுத்த முறை வருவோர் வேறொரு கூட்டத்தார். அவர்களும் அதே காகிதப் பூவையே கொணர்கின்றனர்! பள்ளியில் ஆறாண்டு இருந்த பிள்ளை அப்பூவை எத்தனை முறை செய்திருக்கும் என்பதை நண்பர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இதனினும் பெரிய குறை, வருவோர்க்குச் சைகைமொழி தெரியாமையே. காதுகேளாப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மேற்பட்டோர் செவிப்புலனுடைய பெற்றோர்க்கே பிறந்தவர் என்பது அமெரிக்க நாட்டில் எடுத்த கணக்கால் விளங்குகின்றது. பெற்றோர் சைகைமொழி அறியாராயின் வீட்டில் அப்பிள்ளையோடு உரையாடுவார் யார்? பசி, தூக்கம், வா, போ என்பவற்றிற்கு அப்பால் ஒன்றும் அறியாமலே பள்ளிக்கு வரும் குழந்தைகள் உளர். அவர்களுக்கு முதலில் வேண்டுவது மொழி. அம்மொழியை ஊட்டுதற்குக் கைத்தொழில் வகுப்பினும் சிறந்த இடம் வேறில்லை என்பது நம் கருத்து. காய்ந்த பனையோலையை மடித்தால் ஒடிகின்றது; நனைத்து மடித்தால் வளைகின்றது. 'ஆதலால் நனைக்கின்றோம்' என்னும் காரண வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிப்பது கடினம். ஓலையைக் கையிற் கொடுத்துச் சைகையாற் கூறினால் அது கணத்திற் பதியும். சைகை அறியாத தொண்டரோ ஓலையை மட்டும் தருகின்றார். பிள்ளையின் விரல்கள் முடைதலைக் கற்கின்றன. ஏன் என்ற வினாவிற்கு விடை கிடைப்பதில்லை.

நிற்க. சைகை அறிந்தவரும் கருதவேண்டியது ஒன்றுண்டு. செவியுள்ள பிள்ளை கண்ணைத் தறியில் வைத்துக்கொண்டே ஆசிரியர் சொல்வதைக் கேட்கும். கேளாப் பிள்ளைக்குக் கண் ஒன்றே வாயில். அது தறியை நோக்கும்போது ஆசிரியரை நோக்காது. ஆகவே முதலிற் சைகையாற் சொல்லுதல் வேண்டும். பின் கையை அடக்கிச் செய்து காட்டுதல் வேண்டும். பிள்ளை தலைநிமிரும்வரை காத்திருந்து, அதன்பின்னரே அடுத்ததைச் சொல்லுதல் வேண்டும். சன்னலுக்கு முதுகுகாட்டி நிற்பவர் முகமும் கையும் இருளாகவே தோன்றும். வெளிச்சம் அவர்மேல் விழல் வேண்டும். பிள்ளைகளை வரிசையாக இருத்தாது பிறைவடிவில் இருத்தினால் ஒருவரையொருவர் கண்டு பேசிக்கொள்வர். இவ்வாறு நடத்தும் வகுப்பு மெதுவாகவே செல்லும். அரைநாளில் ஐந்து பொருள் செய்து முடிக்கும் ஆவலுடையோர் இதற்கு ஆகார்.

சைகையை இழிவாகக் கருதும் வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1880-இல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே மேலானதெனத் தீர்மானித்துச் சைகைமொழியைப் பள்ளிகளினின்று விலக்கியது. அதனால் நேர்ந்த தீங்கிற்கு வருத்தம் தெரிவித்து அத்தீர்மானங்களை மறுத்தது 2010-இல் வான்கூவரிற் கூடிய மாநாடு. நூற்றுமுப்பது ஆண்டுகள்! நம் நாட்டில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் 2015-இல் டெல்லியில் அமைந்தது. அது வெளியிட்டுள்ள சைகை அகராதியை எவரும் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக் கற்கலாம். தெரியாது என்பதற்கு இனிச் சாக்கு ஏது?

இனி, எத்தொழிலைக் கற்பிப்பது? அச்சுக்கூட இரைச்சல் செவிடரை வருத்தாது, ஆதலின் அவர் எழுத்துக்கோக்கட்டும் என்று முற்காலத்தார் பலர் எண்ணினர். வயிற்றுப் பிழைப்புக்கு ஒரு தொழில் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதனோடு நிறுத்திக்கொள்வது, அப்பிள்ளைக்குக் கற்பனை இல்லையென நாமே தீர்ப்பளிப்பதாகும். சிறுவயதிலேயே செவிப்புலன் இழந்த சதீஷ் குஜ்ரால், லாகூரிலும் பம்பாயிலும் ஓவியம் பயின்று, 1952-இல் மெக்சிகோ சென்று மேலும் கற்றார். ஓவியம், சிற்பம் இரண்டிலும் பெயர்பெற்றதோடு டெல்லியில் பெல்ஜிய நாட்டுத் தூதரகத்தையும் வடிவமைத்தார். அவரை ஓர் உறை தைப்பவராக மட்டும் பழக்கியிருந்தால் இழப்பு யாருக்கு?

ஆகவே தொண்டர் சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது இது. கற்பிப்பவராக, கேளாதவரான கைவினைஞர் ஒருவரையே அமர்த்துங்கள். அவருக்கு ஊதியம் கொடுங்கள். பிள்ளைகள் தம்மைப் போன்ற ஒருவர் ஆசிரியராய் நிற்பதைக் காண்பதே பாதிப் பாடம். திருநெல்வேலிப் பக்கத்தார்க்குப் பத்தமடைக் கோரைப்பாய் அண்மையிலேயே இருக்கின்றது. காகிதப் பூவைத் தேடி ஏன் அலையவேண்டும்? கோரையை நனைத்துக் கிழிப்பதும் பாவு கட்டுவதும் வண்ணம் தேர்வதும் ஓராண்டுக்குப் போதிய பாடங்கள். மாணவர்கள் அவ்வாசிரியருக்குத் துணையாளராக இருக்கட்டும்: பொருள் வாங்குக, கணக்கு எழுதுக, செய்த பாய்களை நேர்மையான விலைக்கு விற்று அப்பணத்தைச் செய்தவர் பெயரிலேயே சேர்த்துவைக்க ஏற்பாடு செய்க. ஓராண்டிற்கு இருபது சனிக்கிழமை தர இசைபவர் மட்டுமே பெயர் கொடுக்க வேண்டும். அவற்றுள் முதல் ஐந்து சனிக்கிழமைகள் கோரையைத் தொடாமலே, பிள்ளைகளோடு இருந்து அவர்களிடமே சைகை கற்பதிற் கழிக.